கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்தலாமா?

(அவிநாசிபாளையத்தில் நமது அறக்கட்டளை நடத்திய குடும்ப நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



கண்ணியத்திற்குரிய ஜமாஅத் பெரியோர்களே, ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமை விட்டுவிட்டு வந்திருக்கும் சகோதரர்களே, திரைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, சகோதரிகளே!

சென்ற இரத்தப் பரிசோதனை முகாமில் ஒரு சகோதரி தன் தகப்பனாருடைய பழைய ரிப்போர்ட்டையும் புதிய ரிப்போர்ட்டையும் கையில் வைத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். "செக்ரட்டரி பாய், எங்க அத்தாவுக்கு கொலஸ்ட்ரால் நார்மல்னு வந்துருச்சுங்க. இனி எதுக்கு தினமும் மாத்திரை? நிறுத்திட்டு இந்தக் குக்குலு காப்சூல் குடுக்கலாங்களா? யூனானியிலயே இருக்குதாம், பக்க விளைவே கிடையாதாம்" என்று கேட்டார். கைபேசியில் வந்திருந்த ஒரு வீடியோவையும் காட்டினார். "டாக்டரைக் கேளுங்கம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அது பதில் இல்லை, தட்டிக்கழித்தது. அந்தப் பெண் டாக்டரைப் பார்க்க அரை நாள் சம்பளத்தை விட வேண்டும், பஸ் ஏறிப் போக வேண்டும், டோக்கன் போட்டுக் காத்திருக்க வேண்டும். உள்ளே போனால் இரண்டு நிமிடம் கிடைக்கும். அதற்குள் இந்தக் கேள்வியை அவர் கேட்டிருக்கவே மாட்டார். ஆகவே அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இன்று எல்லோருக்குமாகச் சொல்கிறோம்.

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொள்கிறோம். நாங்கள் மருத்துவர்கள் அல்லர். மதரஸாவில் ஓதியதும் கல்லூரியில் படித்ததும் சேர்ந்து, ஒரு விஷயத்தைத் தேடிப் படித்து விளங்கிக்கொள்ளும் அளவுக்குப் பழக்கம் தந்திருக்கிறது, அவ்வளவுதான். இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும், அது கொஞ்சம் கசப்பானது. சில ஆண்டுகளுக்கு முன் நமது முகாம் ஒன்றில் மூலிகைக் காப்சூல் விற்பவர் ஒருவர் மேசை போட்டுக்கொள்ள நாம்தான் அனுமதித்தோம். முகாம் பந்தலுக்கு அவர் ஒரு தொகை கொடுத்தார். நமக்கும் அது உதவியாக இருந்தது. ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்திருந்த கட்டிங் மாஸ்டர் ஒருவர் அந்த மேசையில் காப்சூல் வாங்கினார். டாக்டர் கொடுத்த கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்திவிட்டார். நான்கு மாதம் கழித்து மீண்டும் மாரடைப்பு. அல்ஹம்துலில்லாஹ், உயிர் பிழைத்தார். ஆனால் அவரால் இனி நின்றுகொண்டு வேலை செய்ய முடியாது. அவருடைய மனைவி இப்போது செக்கிங் வேலைக்குப் போகிறார். காப்சூல்தான் மாரடைப்பைக் கொண்டுவந்தது என்று சொல்ல நம்மிடம் ஆதாரம் இல்லை. மாத்திரை நின்றதற்கு நம்முடைய மேசை ஒரு காரணம் என்பதை மட்டும் மறைக்க முடியாது. அவருடைய அனுமதியோடுதான் இதைச் சொல்கிறோம், பெயரைச் சொல்லாமல்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

கொலஸ்ட்ரால் என்றதும் ஏதோ விஷம் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. நம் உடம்பிலுள்ள ஒவ்வொரு செல்லின் சுவரிலும் அது இருக்கிறது. ஆண், பெண் ஹார்மோன்கள் அதிலிருந்துதான் உருவாகின்றன. சாப்பிட்ட நெய்யையும் எண்ணெயையும் செரிக்க வைக்கும் பித்தநீருக்கும் அதுவே மூலப்பொருள். வெயில் பட்டால் தோலில் உண்டாகும் வைட்டமின் டி கூட கொலஸ்ட்ராலுக்கு நெருங்கிய உறவுதான். நாம் சாப்பாட்டில் எடுத்துக்கொள்வதைவிட உடம்பு தானே தயாரிப்பதுதான் அதிகம். "நான் கறியே தொடுவதில்லை, எனக்கு எப்படி கொலஸ்ட்ரால்?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் விடை.

எண்ணெய் தண்ணீரில் கலக்காதது போல கொலஸ்ட்ராலும் இரத்தத்தில் கலக்காது. அதை ஏற்றிச் செல்ல வண்டி வேண்டும். ஈரலிலிருந்து வெளியே சுமந்து செல்லும் வண்டியின் பெயர் எல்.டி.எல். செல்களில் மிஞ்சியதைத் திரும்ப ஈரலுக்குக் கொண்டுவரும் வண்டி எச்.டி.எல். போகிற வண்டி அதிகமாகி இரத்தக் குழாய்ச் சுவரில் சரக்கை இறக்கிக்கொண்டே இருந்தால் அடைப்பு வருகிறது. ரிப்போர்ட்டில் இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு போடுவது இதனால்தான்.

இந்த ஏற்றுமதி இறக்குமதியை யார் மேற்பார்வை செய்கிறார்கள்? ஒரு செல்லுக்குள் கொலஸ்ட்ரால் கூடிவிட்டது என்று அந்தச் செல்லுக்கு எப்படித் தெரிகிறது? படிக்கப் படிக்க நம்மை மிகவும் வியக்க வைத்த பகுதி இதுதான்.

நம் உடம்பின் பெரும்பாலான வகைச் செல்களின் நடுவில் உட்கரு என்று ஒன்று உண்டு. அதற்குள் மரபணுக்கள் இருக்கின்றன. மனிதனுக்குச் சுமார் 20,000. எந்தப் புரதத்தை எப்படிச் செய்வது என்ற குறிப்புகள் அவை. பனியன் கம்பெனியில் பேட்டர்ன் எல்லாம் ஒரே அலமாரியில்தான் இருக்கும். ஆனால் இன்றைக்கு எந்த ஆர்டர் என்று சொல்கிறவர் இல்லாமல் ஒரு டெய்லரும் மெஷினை மிதிக்க மாட்டார். அதே போல மரபணு இருந்தால் மட்டும் போதாது, "இப்போது இதைச் செய்" என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அப்படிச் சொல்பவர்களில் ஒரு கூட்டத்தார்தான் உட்கரு ஏற்பிகள். மனித உடம்பில் 48 வகை இருக்கின்றன. இவையும் புரதங்களே. பெரும்பாலானவற்றில் ஒரு சின்னக் குழி உண்டு. அந்தக் குழிக்குப் பொருத்தமான ஒரு பொருள் வந்து உட்கார்ந்தால், ஏற்பியின் உருவம் சற்று மாறும்; அது மரபணுவைத் திறந்துவிடும், அல்லது மூடும். தைராய்டு ஹார்மோன், வைட்டமின் டி, ஸ்டீராய்டு மருந்துகள் எல்லாம் இந்த வழியில்தான் வேலை செய்கின்றன.

அவற்றில் எல்.எக்ஸ்.ஆர். என்று ஒன்று. செல்லுக்குள் கொலஸ்ட்ரால் கூடும்போது அதில் ஒரு பகுதி ஆக்சிஜன் சேர்ந்து சற்று உருமாறுகிறது. அந்த உருமாறிய கொலஸ்ட்ரால்தான் எல்.எக்ஸ்.ஆரின் குழிக்குப் பொருத்தமான சாவி என்று 1996இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் டேவிட் மாங்கல்ஸ்டார்ஃப் என்பவரின் குழு காட்டியது. சாவி விழுந்ததும் ஏ.பி.சி.ஏ.1 என்ற மரபணு திறக்கிறது. அதிலிருந்து உருவாகும் புரதம் செல்லின் சுவரில் ஒரு வாசலாக நின்று, உள்ளே குவிந்த கொலஸ்ட்ராலை வெளியே தள்ளி எச்.டி.எல். வண்டியில் ஏற்றிவிடுகிறது. மேசையில் பீஸ் குவிந்துவிட்டதைக் கண்ட சூப்பர்வைசர் லோடிங் கதவைத் திறக்கச் சொல்வது போல. குடலிலும் இதே எல்.எக்ஸ்.ஆர். வேறு இரண்டு வாசல்களைத் திறந்து, உள்ளே வந்த கொலஸ்ட்ராலில் ஒரு பங்கைத் திரும்பக் குடலுக்கே தள்ளிவிடுகிறது. நாம் உறங்கும்போதும் தொழும்போதும் இந்தக் கணக்கு நடந்துகொண்டே இருக்கிறது. சுப்ஹானல்லாஹ்!

அந்த வாசல் இல்லாவிட்டால் என்ன ஆகும்? அதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. டான்ஜியர் நோய் என்று அதற்குப் பெயர். மதரஸாவில் படித்தவர்களுக்கு டான்ஜியர் என்றதும் மொராக்கோவின் தன்ஜா, இப்னு பதூதா பிறந்த ஊர், நினைவுக்கு வரும். இது அது அல்ல. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்துக் கடல் விரிகுடாவில் அதே பெயரில் ஒரு சின்னத் தீவு. அங்கே ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனுக்குத் தொண்டைச் சதை வீங்கி ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. சோதித்துப் பார்த்தால் எல்லாம் கொலஸ்ட்ரால் குவியல். அவனுக்கும் அவன் சகோதரிக்கும் இரத்தத்தில் எச்.டி.எல். ஏறக்குறைய இல்லவே இல்லை. டொனால்டு ஃபிரெட்ரிக்சன் என்ற மருத்துவரும் உடனிருந்தவர்களும் 1961இல் இதை எழுதினார்கள். காரணம் ஏ.பி.சி.ஏ.1 மரபணுவில் பழுது என்று தெரிய 1999 வரை ஆனது.

இங்கே ஒரு வார்த்தை, பெரியோர்கள் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. டான்ஜியர் நோய் வர வேண்டுமானால் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வர வேண்டும். சொந்தத்துக்குள்ளேயே திரும்பத் திரும்பச் சம்பந்தம் செய்யும் குடும்பங்களில் இப்படிப்பட்டவை கூடுதலாக வெளிப்படும். இந்த நோய் மிக மிக அரிது, நம் ஊரில் தேட வேண்டியதில்லை. ஆனால் பரம்பரையாக எல்.டி.எல். மிக அதிகமாக இருக்கும் இன்னொரு நிலை அவ்வளவு அரிது அல்ல. ஒரு குடும்பத்தில் முப்பது, நாற்பது வயதில் தொடர்ந்து மாரடைப்பு வந்திருந்தால், அல்லது சின்னப் பிள்ளையின் முழங்கை, முட்டி, கணுக்கால் நரம்புப் பக்கம் மஞ்சளாகக் கட்டிகள் தென்பட்டால், "கொழுப்புக் கட்டி, போயிடும்" என்று விடாதீர்கள். பிள்ளைக்கும் கொலஸ்ட்ரால் பரிசோதனை செய்யலாம். செய்ய வேண்டும்.

இப்போது குக்குலுவுக்கு வருவோம். இது நம் நாட்டுக் கதை.

ராஜஸ்தான், குஜராத் வறண்ட நிலங்களில் வளரும் ஒரு முள் செடியின் பிசின் குக்குலு. சித்த மருத்துவத்தில் மைசாட்சி என்பார்கள். அரபியில் முக்ல், யூனானி ஹகீம்கள் முகில் என்று சொல்வார்கள். இப்னு சீனாவின் மருத்துவ நூலிலும் இதற்கு இடம் உண்டு. ஆகவே "யூனானியில் இருக்கிறது" என்று அந்தச் சகோதரி சொன்னது உண்மை. ஆனால் யூனானியில் அது பெரும்பாலும் மூலத்துக்கும் மூட்டு வலிக்கும் வீக்கத்துக்கும் பயன்பட்டது. அந்தக் காலத்தில் எல்.டி.எல். என்று ஒருவரும் அளந்ததில்லை. முன்னோர் சொன்னது ஒன்று, இன்று டப்பாவில் அச்சடிப்பது ஒன்று. இரண்டையும் ஒட்டவைத்து விற்பது வியாபாரம்.

கொலஸ்ட்ராலோடு அதைச் சேர்த்துப் பார்த்தவர் ஜி.வி. சத்யவதி என்ற பெண்மணி. காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது, உடற்கொழுப்பு நோய் பற்றிப் பழைய ஆயுர்வேத நூல் சொல்வதைப் படித்து, முயல்களுக்குக் கொலஸ்ட்ரால் கலந்த தீனி கொடுத்து, குக்குலுவும் கொடுத்துப் பார்த்தார். குக்குலு கொடுத்த முயல்களின் கொலஸ்ட்ரால் குறைந்தது. 1966இல் ஆய்வேட்டை முடித்தார். பின்னாளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமைப் பொறுப்பும் அவரிடம் வந்தது. பிறகு லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் இதை எடுத்துக்கொண்டது. பிசினிலிருந்து குக்குல்ஸ்டீரோன் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். 1980களில் குக்குலிப்பிட் என்ற பெயரில் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மருந்தாக இந்திய அரசு அனுமதியும் கிடைத்தது. 1994இல் வெளிவந்த ஓர் இந்திய ஆய்வில் 61 பேருக்கு 24 வாரம் பார்த்ததில் எல்.டி.எல். சுமார் 12.5 சதவீதம் குறைந்தது. இதெல்லாம் நம் விஞ்ஞானிகள் நேர்மையாகச் செய்த வேலை. யாரும் ஏளனம் செய்யக் கூடாது.

2002இல் இந்தக் கதையும் உட்கரு ஏற்பிகளும் ஒன்று சேர்ந்தன. எஃப்.எக்ஸ்.ஆர். என்று இன்னோர் ஏற்பி இருக்கிறது. அதன் சாவி பித்த அமிலம். ஈரல் தன்னிடமுள்ள கொலஸ்ட்ராலைப் பித்த அமிலமாக மாற்றி வெளியேற்றுகிறது. பித்த அமிலம் அளவுக்கு மீறிச் சேர்ந்தால் அது ஈரலையே அரிக்கும். ஆகவே அது கூடும்போது எஃப்.எக்ஸ்.ஆர். விழித்துக்கொண்டு, "போதும், கொலஸ்ட்ராலைப் பித்தமாக்கும் மெஷினை நிறுத்து" என்கிறது. ஹூஸ்டனில் டேவிட் மூர் குழுவும் டாலஸ் குழுவும் சேர்ந்து கண்டது என்னவென்றால், குக்குல்ஸ்டீரோன் இந்த எஃப்.எக்ஸ்.ஆரின் வாயை அடைக்கிறது. அதாவது, நிறுத்து என்று சொல்பவர் பேச முடியவில்லை. மெஷின் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஈரலின் கொலஸ்ட்ரால் குறைகிறது. சாதாரணச் சுண்டெலிக்குக் கொடுத்தால் ஈரலில் கொலஸ்ட்ரால் குறைந்தது. எஃப்.எக்ஸ்.ஆர். இல்லாதபடி வளர்க்கப்பட்ட சுண்டெலிக்குக் கொடுத்தால் குறையவில்லை. எவ்வளவு அழகான சான்று! காசியில் முயலில் தொடங்கியதற்கு முப்பத்தாறு ஆண்டு கழித்துக் காரணம் கிடைத்துவிட்டது என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள்.

மறு ஆண்டே கதை திரும்பியது. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் கொலஸ்ட்ரால் அதிகமுள்ள 103 பேரை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வெறும் மாவு மாத்திரை, மற்ற இரண்டுக்கும் குக்குலு, ஒன்றுக்குச் சாதாரண அளவு, இன்னொன்றுக்கு இரட்டிப்பு. யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. எட்டு வாரம் கழித்துப் பார்த்தால், மாவு மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு எல்.டி.எல். 5 சதவீதம் குறைந்திருந்தது. குக்குலு சாப்பிட்டவர்களுக்கு 4, 5 சதவீதம் கூடியிருந்தது! சிலருக்கு உடம்பெல்லாம் தடிப்பும் வந்தது. 2003இல் இது வெளியானது.

ஏன் இப்படி? உணவுப் பழக்கம் வேறு, மக்கள் வேறு, பிசின் எடுத்த விதம் வேறு என்று பலர் பல காரணம் சொல்கிறார்கள். நமக்குப் பிடிபட்ட காரணம் ஒன்று உண்டு. குக்குல்ஸ்டீரோன் ஒரே சாவியாக ஒரே பூட்டில் நுழைவதில்லை. எஃப்.எக்ஸ்.ஆரை அடைக்கிறது. பி.எக்ஸ்.ஆர். என்ற இன்னோர் ஏற்பியைத் திறக்கிறது. ஹார்மோன் ஏற்பிகள் சிலவற்றிலும் போய் ஒட்டுகிறது. சுண்டெலிக்கும் மனிதனுக்கும் இந்தப் பூட்டுகள் முற்றிலும் ஒரே மாதிரி அல்ல. எனவே ஒரு பக்கம் சரியாகச் சொன்ன கணக்கு மொத்தத்தில் தப்பிவிடுகிறது.

இந்த பி.எக்ஸ்.ஆர். விஷயத்தைத் தயவுசெய்து கவனமாகக் கேளுங்கள், ஏனென்றால் வீட்டில் ஐந்தாறு மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பி.எக்ஸ்.ஆர். என்பது உடம்பின் குப்பை லாரியைக் கூப்பிடுகிறவர். வெளியிலிருந்து ஏதோ பொருள் வந்திருக்கிறது என்று கண்டால், அதை உடைத்து வெளியேற்றும் நொதிகளைக் கூட்டச் சொல்லும். அந்த நொதிகளோ ஒரு பொருளை மட்டும் உடைத்துவிட்டுப் போவதில்லை. கூடவே இருக்கும் வேறு மருந்துகளையும் உடைத்துவிடும். டி.பி. நோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் இப்படித்தான் வேலை செய்கிறது. அதனால்தான் டி.பி. மருந்து சாப்பிடும் சகோதரிகளுக்குக் கர்ப்பத்தடை மாத்திரை பலிக்காமல் போகலாம் என்று எச்சரிக்கிறார்கள். குக்குலுவைப் பொறுத்தவரை, நம் நாட்டிலேயே ஆரோக்கியமானவர்களிடம் செய்த ஒரு சிறு ஆய்வில், புரோப்ரனலால், டில்டியாசெம் என்ற இரண்டு இருதய மருந்துகளும் குக்குலுவோடு கொடுத்தபோது இரத்தத்தில் குறைவாகவே சேர்ந்தன என்று 1994இல் தெரிந்தது. பிரஷருக்கும் நெஞ்சு வலிக்கும் கொடுக்கும் மருந்துகள் இவை. "பக்க விளைவே கிடையாது" என்ற வீடியோக்காரர் இதைச் சொன்னாரா?

"என்ன இருந்தாலும் அது இயற்கை, இது கெமிக்கல்தானே" என்பார்கள். ஸ்டேட்டின் என்று சொல்லும் கொலஸ்ட்ரால் மாத்திரை எங்கிருந்து வந்தது தெரியுமா? அரிசியில் பிடித்த பூஞ்சணத்திலிருந்து. ஜப்பானில் அகிரா எண்டோ என்பவர் ஆயிரக்கணக்கான பூஞ்சணங்களைச் சலித்து, கியோட்டோ நகரில் ஒரு தானியக் கடை அரிசியிலிருந்து கிடைத்த பூஞ்சணத்தில் அந்தப் பொருளைக் கண்டு 1976இல் வெளியிட்டார். பின்னால் வந்த எல்லா ஸ்டேட்டினுக்கும் அதுதான் தாய். குக்குலு செடியிலிருந்து வந்ததால் ஹலால், மாத்திரை கம்பெனியிலிருந்து வந்ததால் சந்தேகம் என்று சிலர் பேசுவதும் சரியல்ல. ஸ்டேட்டின் பெரும்பாலும் மாத்திரையாகவே கிடைக்கிறது. ஜெலட்டின் சந்தேகம் வருவது காப்சூலின் கூட்டில்தான். அதை விசாரிக்க வேண்டுமென்றால் மூலிகைக் காப்சூலையும் சேர்த்தே விசாரிக்க வேண்டும். நோய்க்கு மருந்து செய்துகொள்வதை நம் மார்க்கம் ஏவியிருக்கிறது. எந்த மருந்து என்பதை அனுபவமும் ஆராய்ச்சியும்தான் சொல்ல வேண்டும்.

ஸ்டேட்டின் எப்படி வேலை செய்கிறது? கொலஸ்ட்ராலை ஈரல் தயாரிக்கும் இடத்தில் ஒரு நொதியைத் தடுக்கிறது. ஈரல் செல்லுக்குள் கொலஸ்ட்ரால் பற்றாக்குறை வருகிறது. உடனே அந்தச் செல் தன் சுவரில் எல்.டி.எல்லைப் பிடித்து இழுக்கும் கொக்கிகளைக் கூட்டுகிறது, இரத்தத்திலிருந்து எல்.டி.எல். இழுக்கப்பட்டுக் குறைகிறது. இந்தக் கொக்கிகளைக் கண்டுபிடித்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. இது உட்கரு ஏற்பிகளின் வழியாக நடப்பதல்ல, வேறொரு புரதத்தின் வழியாக. ஆனால் கருத்து ஒன்றுதான்: மரபணுவுக்குக் கிடைக்கும் உத்தரவை மாற்றுவது. இப்போது அந்தச் சகோதரியின் முதல் கேள்விக்கு விடை தானாகவே வந்துவிடுகிறது. மாத்திரை இருக்கும்வரைதான் கொக்கிகள் கூடுதலாக இருக்கும். நிறுத்தினால் சில வாரங்களில் கொக்கிகள் குறைந்து, எல்.டி.எல். பழைய இடத்துக்கே ஏறிவிடும். ரிப்போர்ட்டில் நார்மல் என்று வந்தது நோய் போய்விட்டது என்பதற்கு அல்ல, மாத்திரை வேலை செய்கிறது என்பதற்கு.

இன்னொன்று, அந்த நார்மலும் எல்லோருக்கும் ஒன்றல்ல. லேப் தாளின் ஓரத்தில் அச்சடித்திருப்பது பொதுவான அளவு. ஸ்டென்ட் வைத்தவருக்கு, மாரடைப்பு வந்தவருக்கு எல்.டி.எல். 70க்குக் கீழே, பலருக்கு 55க்கும் கீழே இருக்க வேண்டும் என்று இருதய மருத்துவர்கள் கேட்கிறார்கள். 98 என்று வந்து, பக்கத்தில் நார்மல் என்று போட்டிருந்தால், பக்கத்து வீட்டு இளைஞனுக்கு அது சரி. அத்தாவுக்குச் சரியில்லை.

உட்கரு ஏற்பிகளை நேரடியாகத் தொடும் மருந்துகளும் இல்லாமல் இல்லை. டிரைகிளிசரைடு அதிகமாக இருப்பவர்களுக்குக் கொடுக்கும் ஃபீனோஃபைப்ரேட் அந்த வகை. 2013இல் அகமதாபாத்தைச் சேர்ந்த சைடஸ் நிறுவனம் சாரோகிளிட்டசார் என்ற மருந்துக்கு அனுமதி பெற்றது. இரண்டு உட்கரு ஏற்பிகளை ஒரே நேரத்தில் தூண்டும் இது, இந்தியாவிலேயே கண்டுபிடித்து உருவாக்கிச் சந்தைக்கு வந்த மருந்து. சர்க்கரை நோயோடு டிரைகிளிசரைடும் கூடியவர்களுக்காக வந்தது. அப்படியானால் நாம் முதலில் சொன்ன எல்.எக்ஸ்.ஆரைத் தூண்டி அடைப்பைக் கரைக்க ஏன் மருந்து வரவில்லை? முயன்றார்கள். லோடிங் கதவைத் திறக்கச் சொல்லும் அதே சூப்பர்வைசர்தான் ஈரலில் கொழுப்பு நெய்யும் மெஷினையும் ஓட்டச் சொல்கிறார். தூண்டியபோது டிரைகிளிசரைடு ஏறியது, ஈரலில் கொழுப்பு படிந்தது. அத்தனை கோடி செலவு செய்தவர்களே தடுமாறும் இடத்தில், ஒரு காப்சூல் டப்பா "எல்லாம் சரியாகிவிடும்" என்கிறது.

சகோதரிகளுக்கு ஒன்று சொல்ல மறந்துவிடக் கூடாது. தைராய்டு ஹார்மோன் குறைந்தாலும் எல்.டி.எல். ஏறும். ஏனென்றால் ஈரலின் அந்தக் கொக்கிகளைச் செய்யும் மரபணுவைத் திறந்துவைப்பதில் தைராய்டு ஏற்பிக்கும் பங்கு உண்டு. உடம்பு கனத்து, எப்போதும் அசதியாக, முடி கொட்டி, கொலஸ்ட்ராலும் கூடுதலாக வந்தால், தைராய்டு பரிசோதனை செய்தார்களா என்று கேளுங்கள். தைராய்டு சரியானதும் கொலஸ்ட்ராலும் தானே இறங்கியவர்கள் உண்டு. கர்ப்பமாக இருப்பவர்கள், கர்ப்பத்தை எதிர்பார்ப்பவர்கள் ஸ்டேட்டின் சாப்பிட்டுவந்தால் உடனே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். அங்கே மட்டும் நிறுத்துவதுதான் வழக்கம்.

மாத்திரைக்குப் பக்க விளைவே இல்லை என்று நாமும் சொல்லவில்லை. சிலருக்குத் தசை வலி வரும், சிலருக்குச் சர்க்கரை சற்று ஏறும். வலி வந்தால் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டேட்டினுக்கு மாற்றலாம். சொல்லாமல் நிறுத்துவதுதான் ஆபத்து. ரமளானிலும் நிறுத்த வேண்டியதில்லை. அட்டோர்வாஸ்டேட்டின், ரோசுவாஸ்டேட்டின் இரண்டையும் எந்த நேரத்திலும் சாப்பிடலாம் என்பதால் இஃப்தாருக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். நோன்புக் கஞ்சிக்கு மேல் நான்கு சமோசா வைத்துக்கொள்வதைத்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அதை இங்கே சொன்னால் வீட்டில் நமக்கே கேள்வி வரும், விட்டுவிடுவோம்.

பணம் ஒரு காரணம் என்று தெரியும். காப்சூல் டப்பாவுக்குக் கொடுக்கும் காசு ஸ்டேட்டினுக்கு ஆவதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள், ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்கள் ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில் கேளுங்கள். நெஞ்சு வலி என்றால் முதலில் ஓட வேண்டிய இடமும் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம்தான். 2023இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தின்படி, மாரடைப்பு என்று சந்தேகப்பட்டால் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டேட்டின் மூன்றையும் அங்கேயே கொடுத்து, பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். மூன்றாவதாக இருப்பது அதே கொலஸ்ட்ரால் மாத்திரைதான் என்பதைக் கவனியுங்கள்.

குக்குலுவே வேண்டாம் என்று சொல்கிறோமா? முறையாகப் படித்த ஹகீமோ சித்த மருத்துவரோ மூட்டு வலிக்கு அதைக் கொடுத்தால் அது அவருக்கும் நோயாளிக்கும் உள்ள விஷயம். நீங்கள் சாப்பிடும் மற்ற மாத்திரைகளை அவரிடம் காட்டுங்கள். இதை உங்கள் டாக்டரிடமும் சொல்லுங்கள். கொலஸ்ட்ரால் மாத்திரைக்குப் பதிலாக அதை வைக்காதீர்கள். இன்னொரு செய்தி: தாறுமாறாகக் கீறிப் பிசின் எடுத்ததால் அந்தச் செடியே அழியும் நிலைக்குப் போய், உலக அளவில் மிக ஆபத்தில் இருப்பவற்றின் பட்டியலில் சேர்ந்துவிட்டது. சந்தையில் மலிவாகக் கிடைப்பதில் உண்மையான குக்குலு எவ்வளவு இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அறக்கட்டளை நிர்வாகக் குழு எடுத்திருக்கும் முடிவுகளைச் சொல்லிவிட்டு அமர்கிறோம். இனி நமது முகாம்களில் எந்தப் பொருளும் விற்க மேசை கிடையாது, யார் நன்கொடை கொடுத்தாலும் சரி. அடுத்த முகாமுக்கு வரும்போது வீட்டிலுள்ள எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள்: மாத்திரை, லேகியம், சூரணம், வீடியோ பார்த்து வாங்கியது, எதையும் மறைக்க வேண்டாம், யாரும் திட்ட மாட்டார்கள். மருத்துவர் ஒவ்வொரு பையையும் பார்ப்பார். கட்டிங் மாஸ்டரின் குடும்பத்துக்கு மாத மருந்துச் செலவை நமது பைத்துல்மால் ஏற்றிருக்கிறது.

கேள்வி கேட்ட அந்தச் சகோதரி இன்று வந்திருக்கிறாரா என்று தெரியவில்லை. பக்கத்து வீட்டில் இருப்பவர்கள் அவரிடம் சொல்லிவிடுங்கள்: மாத்திரையை நிறுத்த வேண்டாம், அத்தாவின் ரிப்போர்ட்டில் எல்.டி.எல். என்ன எண் என்று பார்த்து, முகாமுக்கு எடுத்து வரட்டும்.